ஒரு லட்சம் பக்க வழக்கு ஆவணங்களில் ஒரு பெயரைப் பிடிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: குற்றப்பத்திரிகைகள், வாக்குமூலங்கள், விசாரணை அறிக்கைகள், தீர்ப்புகள் என ஒரு லட்சம் பக்கங்களுக்கு மேல் ஸ்கேன் செய்தாயிற்று. ஓ.சி.ஆர். என்ற எழுத்துணர் மென்பொருள் மூலம் எழுத்தாக மாற்றி, தேடல் பெட்டியும் வைத்தாயிற்று. இதற்கு மேல் பெயர்களுக்குத் தனியாக ஓர் அடைவு (இன்டெக்ஸ்) தேவையா? தேவை என்றால் எங்கே தொடங்குவது?

தேவை. தேடல் பெட்டி நல்ல கருவிதான், ஆனால் நீங்கள் எந்த எழுத்தில் தட்டினீர்களோ அதைத்தான் அது தேடும். வழக்கு ஆவணங்களில் ஒரு மனிதர் பெரும்பாலும் பெயரோடு வருவதே இல்லை. முதல் பக்கத்தில் பெயர், தந்தை பெயர், ஊர் எல்லாம் இருக்கும். அடுத்த நானூறு பக்கங்களுக்கு அவர் வெறும் ‘எதிரி 3’, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர் எண் 3. இன்னொருவர் ‘அ.சா.7’, அதாவது அரசுத் தரப்பின் ஏழாவது சாட்சி. மூன்றாமவர் ‘மேற்படி நபர்’. ஒருவரைப் பற்றிய முக்கியமான சாட்சியம் முழுக்க அவர் பெயரே இல்லாத பக்கங்களில் கிடக்கலாம். போதாததற்கு இந்த எண்களும் நிலையானவை அல்ல. குற்றப்பத்திரிகையின் சாட்சிப் பட்டியலில் பன்னிரண்டாவதாக இருப்பவர், நீதிமன்றத்தில் விசாரிக்கப்படும் வரிசைப்படி அ.சா.5 ஆகிவிடுவார். தலைமறைவான எதிரியின் வழக்கைப் பிரித்துத் தனி எண் கொடுத்தால், அங்கே எதிரிகளின் வரிசையும் மாறிவிடலாம். ஆகவே ஒவ்வொரு வழக்குக்கும் ‘இந்த ஆவணத்தில் இந்த எண் இன்னார்’ என்று ஒரு சின்ன அட்டவணை போடுவதுதான் முதல் வேலை. கவர்ச்சியில்லாத வேலை, ஆனால் எந்த மென்பொருளும் உங்களுக்காக இதைச் சரியாகச் செய்து தராது.

இன்னொரு தொல்லை இதற்கு நேர் எதிரானது. முருகன் என்று தட்டினால் மூவாயிரம் விடைகள் வரும். அவற்றில் எத்தனை முருகன்கள்? அதைத் தேடல் பெட்டியிடம் கேட்க முடியாது.

பெயரடைவு என்றால் பெயர்களின் பட்டியல் என்று பலரும் நினைக்கிறார்கள். பெயர்களைச் சேகரிப்பது பாதி வேலைகூட இல்லை. இந்தப் பக்கத்துப் பெயரும் அந்தப் பக்கத்துப் பெயரும் ஒரே ஆளா என்று தீர்மானிப்பதுதான் வேலை. அந்தத் தீர்மானம் இரண்டு வகையில் தவறலாம். ஒரே ஆளை இரண்டு ஆளாகப் பிரித்துவிடலாம், அல்லது இரண்டு ஆளை ஒருவராக ஒட்டிவிடலாம். இரண்டுக்கும் விலை உண்டு. எந்தத் தவறு அதிக விலை என்பது அடைவு எதற்கு என்பதைப் பொறுத்தது.

பிரிப்பதன் விலைக்கு இங்கிலாந்தில் ஒரு கொடூரமான உதாரணம் உண்டு. 1970-களின் பிற்பாதியில் யார்க்‌ஷயர் பகுதியில் பெண்களைத் தொடர்ந்து கொன்றுவந்தவனைத் தேடிய காவல்துறை, லீட்ஸ் நகரின் மில்கார்த் நிலையத்தில் ஒரு விசாரணை அறை வைத்திருந்தது. கணினி கிடையாது, எல்லாம் அட்டைகள். விசாரிக்கப்பட்டவர்கள், பார்க்கப்பட்ட கார்கள், வந்த கடிதங்கள் என்று அட்டைகள் குவிந்துகொண்டே போயின. கொலையாளி பீட்டர் சட்கிளிஃபைக் காவலர்கள் ஒன்பது முறை விசாரித்திருந்தார்கள். கொல்லப்பட்ட ஒரு பெண்ணின் கைப்பையில் கிடைத்த ஐந்து பவுண்டு நோட்டு விஷயமாக ஒரு விசாரணை, சந்தேகப் பகுதிகளில் அவன் கார் தென்பட்டது விஷயமாக வேறு விசாரணைகள். பெரும்பாலும் முந்தைய விசாரணையின் முழு விவரம் கையில் இல்லாமலே அடுத்தவர் போய்க் கதவைத் தட்டினார்.

1980 நவம்பரில் அவனுடைய நண்பர் ஒருவரே பெயர் போடாமல் காவல்துறைக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முதல் முன்னுரிமை என்று முத்திரை குத்தி, புது அட்டையும் போட்டார்கள். அட்டை போட்ட பெண் காவலர், அதே பெயரில் ஏற்கெனவே மூன்று அட்டைகள் இருப்பதையும் கண்டுபிடித்தார். அப்புறம் அந்தக் காகிதங்கள் ஒரு தட்டிலேயே கிடந்தன. 1981 ஜனவரி 2 அன்று ஷெஃபீல்டில் போலி நம்பர் பிளேட்டுக்காக அவன் தற்செயலாகப் பிடிபடும் வரை யாரும் அவற்றைத் தொடவில்லை. பதின்மூன்று கொலைகளுக்காக அந்த ஆண்டே தண்டிக்கப்பட்டான். பின்னர் விசாரணையை ஆராய்ந்த லாரன்ஸ் பைஃபோர்டின் அறிக்கை, தேங்கிக் கிடந்த தகவல்களையும் இணைக்கப்படாத அட்டைகளையும் முக்கியமான தோல்வியாகச் சொன்னது. 1980-களின் நடுவில் பிரிட்டிஷ் காவல்துறை ‘ஹோம்ஸ்’ என்ற கணினி அமைப்புக்கு மாறியதற்கு இந்த வழக்கு முக்கியக் காரணம்.

இங்கே கவனிக்க வேண்டியது, அடைவு தோற்றது அட்டை இல்லாததால் அல்ல என்பது. அட்டைகள் இருந்தன. ‘இந்த நான்கும் ஒரே ஆள், நான்கையும் சேர்த்துப் படி’ என்று சொல்லி, அதை உரிய மேசைக்குக் கொண்டுசேர்க்கும் வேலைதான் நடக்கவில்லை.

எழுத்துக்கூட்டல் பிரச்சினையைப் பெரிய அளவில் சந்தித்த இடம் ஜெர்மனியின் பாட் அரோல்சன். நாஜி ஆட்சியில் பாதிக்கப்பட்டவர்களையும் போரில் காணாமல் போனவர்களையும் தேடுவதற்காக உருவான ஆவணக் காப்பகம் அங்கே இருக்கிறது. அதன் மையப் பெயரட்டைத் தொகுப்பில் சுமார் 1.75 கோடி மனிதர்களைப் பற்றி சுமார் 5 கோடி அட்டைகள். அவற்றில் பல, வதைமுகாம் எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள். போலந்துப் பெயரை ஜெர்மானியரும், ரஷ்யப் பெயரை பிரெஞ்சுக்காரரும் எழுதியிருப்பார்கள். ஆப்ரமோவிச் என்ற ஒரே பெயருக்கு நூற்றுக்கணக்கான எழுத்து வடிவங்கள். அகர வரிசையில் அடுக்கினால் ஒரு குடும்பமே பத்து அலமாரிகளில் சிதறிவிடும். அதனால் அவர்கள் ஒலியை வைத்து அடுக்கினார்கள். ஒரே மாதிரி ஒலிப்பவை எப்படி எழுதப்பட்டிருந்தாலும் ஒரே இடத்தில்.

ஒலிவழி அடுக்குவது பழைய யோசனை. அமெரிக்காவில் 1918-இலேயே ‘சவுண்டெக்ஸ்’ முறைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, மீதியிலிருந்து மூன்று எண்களை எடுப்பது அந்த முறை. ஆங்கிலப் பெயர்களுக்கு ஓரளவு ஒத்துவரும். கிழக்கு ஐரோப்பிய யூதப் பெயர்களுக்கு அது போதாது என்று 1985-இல் டைட்ச், மொகோடாஃப் என்ற இருவர் ஆறு எண்கள் கொண்ட வேறு முறையை உருவாக்கினார்கள்.

நம் பெயர்களுக்கு சவுண்டெக்ஸை அப்படியே போட்டால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். செல்வத்தை ஆங்கிலத்தில் ‘எஸ்’ போட்டும் எழுதுவார்கள், ‘சி’ போட்டும் எழுதுவார்கள். விக்னேஸ்வரன் சென்னையில் ‘வி’, யாழ்ப்பாணத்தில் பல சமயம் ‘டபிள்யூ’. முதல் எழுத்தே மாறுவதால் சவுண்டெக்ஸில் இந்த இரண்டும் ஒருபோதும் சந்திக்கா. லட்சுமியை மலேசிய ஆவணங்களில் ‘லெட்சுமி’ என்று ‘டி-சி-எச்’ போட்டு எழுதியிருப்பார்கள். ஆவணங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் கலந்திருந்தால், இரண்டையும் ஒரு பொது வடிவத்துக்குக் கொண்டுவரும் விதிகளை நீங்களே எழுதிக்கொள்வதுதான் நல்லது. ச–ஸ–ஷ ஒன்று, ல–ள–ழ ஒன்று, ந–ன–ண ஒன்று, குறில் நெடில் பார்க்க வேண்டாம் என்று ஐம்பது விதிகள் எழுதினாலே பெரும்பகுதி சரியாகிவிடும். இந்தச் சுருக்க வடிவம் தேடுவதற்கு மட்டும்தான். யாருடைய பெயரையும் அதை வைத்து ‘திருத்த’க் கூடாது.

தலைப்பெழுத்து இன்னொரு தலைவலி. ஆர். முருகன் என்பவர் பாஸ்போர்ட்டில் முருகன் ராமசாமி, வங்கிக் கணக்கில் ராமசாமி முருகன், காவல்நிலையப் பதிவில் ‘முருகன், த/பெ. ராமசாமி’. வெளிநாட்டு நிறுவனப் பதிவேட்டில் ராமசாமி என்பது குடும்பப் பெயர் ஆகிவிடும், ‘மிஸ்டர் ராமசாமி’ என்று கடிதமும் போகும். அதே வழக்கில் அப்பா ராமசாமியும் சாட்சியாக இருந்தால் கணினி குழம்பிப்போகும். அதனால் பெயரை ‘முதல் பெயர், குடும்பப் பெயர்’ என்று இரண்டு கட்டங்களில் அடைக்காதீர்கள். முழுப் பெயர் ஒரு கட்டம், தந்தை அல்லது கணவர் பெயர் இன்னொன்று, ‘என்கிற’ போட்டு வரும் மாற்றுப்பெயர்கள் தனியாக, ஊர் தனியாக. ‘குட்டி என்கிற ராஜேந்திரன்’ என்றால் இரண்டு பெயராலும் கிடைக்க வேண்டும்.

சரி, இனி ஒட்டுவதன் விலைக்கு வருவோம். கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாசி, தன் கோப்புகளுக்கு வேண்டுமென்றே இரண்டு துண்டாக அடைவு வைத்திருந்தது. ‘எஃப் 16’ அட்டையில் ஒருவரின் உண்மைப் பெயர், பிறந்த தேதி, ஒரு பதிவு எண். அவர் உளவாளியா, உளவு பார்க்கப்பட்டவரா என்பது அதில் இருக்காது. ‘எஃப் 22’ அட்டையில் அந்தப் பதிவு எண், அது எந்த வகைக் கோப்பு, புனைபெயர் என்ன, எந்த அதிகாரி கையில் இருக்கிறது என்பவை. அதில் உண்மைப் பெயர் இருக்காது. இரண்டு தொகுப்புகளையும் பார்க்க முடிந்தவருக்குத்தான் ஆள் யார் என்று தெரியும்.

பெர்லின் சுவர் விழுந்த பிறகு வெளிநாட்டு உளவுப் பிரிவின் இந்த அட்டைகளின் மைக்ரோஃபிலிம் பிரதிகள் அமெரிக்காவின் சி.ஐ.ஏ. கைக்குப் போய், 2000-க்கும் 2003-க்கும் இடையில் ‘ரோஸன்ஹோல்ஸ்’ கோப்புகள் என்ற பெயரில் சி.டி.க்களாக ஜெர்மனிக்குத் திரும்பின. அவற்றில் ஒரு பொறி இருந்தது. ஒரே பதிவு எண்ணின் கீழ் உளவாளி மட்டும் இல்லை. அவருடைய உறவினர்கள், நண்பர்கள், அவர் தகவல் திரட்டிய மனிதர்கள் ஆகியோரின் பெயரட்டைகளும் அதே எண்ணில் இருக்கலாம். எண் பொருந்துகிறது என்று அவசரமாக ஒட்டினால், உளவு பார்க்கப்பட்டவரே உளவாளி ஆகிவிடுவார். ஆவணத்தில் எழுத்துப்பிழைகூட இல்லாமல் ஓர் அப்பாவியின் வாழ்க்கையைக் கெடுக்க இது போதும். ‘பெயர் இருக்கிறது’ என்பதோடு நிற்காமல், என்ன பாத்திரத்தில் இருக்கிறது என்பதையும் ஒவ்வொரு குறிப்பிலும் பதிய வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். எதிரி, சாட்சி, புகார்தாரர், பாதிக்கப்பட்டவர், வழக்கறிஞர், புலனாய்வு அதிகாரி, நீதிபதி, தட்டச்சர், பேச்சுவாக்கில் குறிப்பிடப்பட்டவர் என்று பாத்திரம் எதுவானாலும் எழுதுங்கள். தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்றே எழுதுங்கள், யூகிக்க வேண்டாம்.

பனாமா ஆவணங்கள் இந்த வேலையின் நவீன வடிவம். வாடிக்கையாளர்களுக்கு வரி குறைந்த நாடுகளில் நிறுவனங்கள் பதிந்துகொடுத்த மொசாக் ஃபொன்சேகா என்ற பனாமா சட்ட நிறுவனத்திலிருந்து கசிந்தவை 1.15 கோடி ஆவணங்கள், 2.6 டெராபைட். 2016 ஏப்ரல் 3 அன்று செய்திகள் வெளியாயின. அவற்றில் 48 லட்சம் மின்னஞ்சல்கள், 21 லட்சம் பி.டி.எஃப்.கள், 11 லட்சம் படங்கள். படமாக இருந்தவற்றைப் பல சர்வர்களில் ஒரே நேரத்தில் ஓ.சி.ஆர். ஓட்டித்தான் எழுத்தாக்கினார்கள். தேடலுக்கு ‘சோலர்’, யார் யாரோடு தொடர்பு என்று வரைந்து பார்க்க ‘நியோ4ஜே’. செய்தியாளர்கள் ஒவ்வொரு பெயராகத் தட்டிக்கொண்டிருக்காமல், தங்கள் நாட்டு அமைச்சர்கள், எம்.பி.க்கள் பட்டியலை மொத்தமாகக் கொடுத்துத் தேடவும் வசதி இருந்தது.

இதில் வெளியே அதிகம் பேசப்படாத ஒன்று: அந்தச் சட்ட நிறுவனமே ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு கோப்புறை வைத்து, பங்குதாரர், இயக்குநர், இடைத்தரகர் விவரங்களைத் தன் தரவுதளத்தில் ஒழுங்காகப் பதிந்திருந்தது. பின்னால் பொதுமக்களுக்காக வெளியிட்ட 2,14,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் அடைவுக்கு எலும்புக்கூடு அதுதான். கோடிக்கணக்கான பக்கங்களிலிருந்து கணினி தானாகப் பெயர்களை உறிஞ்சி எடுத்து எழுந்த கட்டடம் அல்ல அது. உங்களுக்கும் இதே ஆலோசனைதான். அந்த அலுவலகமே விட்டுச் சென்ற பதிவேடுகளை முதலில் தேடுங்கள். எதிரிகள் பட்டியல், சாட்சிகள் பட்டியல், சான்றாவணப் பட்டியல், வழக்குப் பதிவேடு போன்றவற்றைக் கையால் உள்ளிட்டாலே அடைவின் முதுகெலும்பு நின்றுவிடும்.

அந்தத் தரவிலேயே ஒட்டுவதற்கு ஒரு வேடிக்கையான எச்சரிக்கையும் உண்டு. பல நிறுவனங்களில் பங்குதாரர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘தி பேரர்’ என்று இருக்கும். பங்குப் பத்திரம் யார் கையில் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்பது அதன் பொருள். ஒரே பெயர் ஒரே ஆள் என்று கணினியிடம் சொல்லிவிட்டால் ‘தி பேரர்’ உலகின் மிகப் பெரிய முதலாளி ஆகிவிடுவார். பெயருக்கு இயக்குநராக ஆயிரக்கணக்கான நிறுவனங்களில் கையெழுத்திட்ட ஊழியர்களும் இப்படித்தான் வரைபடத்தின் நடுவே சிலந்திபோல உட்கார்ந்திருப்பார்கள். நீதிமன்ற ஆவணங்களில் இந்த இடத்தில் நீதிபதியும் அரசு வழக்கறிஞரும் இருப்பார்கள். அதிகம் வரும் பெயர்தான் முக்கியமான பெயர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே முதல் தகவல் அறிக்கையின் நகல் ஜாமீன் மனு, குற்றப்பத்திரிகை, மேல்முறையீட்டுக் கட்டு என்று எல்லாவற்றிலும் இருக்கும், எண்ணிக்கை வீங்கும். அச்சு அசலான கோப்பு நகல்களைக் கணினி எளிதில் பிடிக்கும். ஒரே காகிதத்தை இரண்டு முறை ஸ்கேன் செய்ததைப் பிடிக்க எழுத்துகளின் ஒற்றுமையை ஒப்பிட வேண்டும்.

இதையெல்லாம் வைத்து அடைவின் அமைப்பை இப்படி வைக்கச் சொல்வேன். முதலில் ஒவ்வொரு பக்கத்துக்கும் மாறவே மாறாத ஓர் எண். அமெரிக்க வழக்கறிஞர்கள் ‘பேட்ஸ் எண்’ என்று முத்திரை குத்துவார்களே, அதுபோல. கோப்புகளைப் பின்னால் எப்படி அடுக்கினாலும் இந்த எண் மாறக் கூடாது. அதன் மேல் ‘குறிப்பு’ என்ற அட்டவணை: இந்தப் பக்கத்தில், இந்த வரியில், இந்த எழுத்துக்கூட்டலில், இந்தப் பாத்திரத்தில் ஒரு பெயர் வருகிறது. பிழையாக எழுதியிருந்தால் பிழையோடு. இன்னொரு பக்கம் ‘ஆள்’ என்ற அட்டவணை: ஓர் எண், பொதுவாக அழைக்கும் பெயர், தெரிந்தால் பிறந்த ஆண்டு, ஊர். இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ‘இணைப்பு’: இந்தக் குறிப்பு இந்த ஆள்தான் என்று யார், என்று, எந்த ஆதாரத்தில் முடிவெடுத்தார். இந்த நடு அட்டவணைதான் உயிர். பெரும்பாலான சிறு முயற்சிகள் எக்செல்லில் ஒரே பத்தியில் பெயரை எழுதி, ‘சரிசெய்து’, மூலத்தை அழித்துவிடுகின்றன. ஆறு மாதம் கழித்து இரண்டு பேரை ஒட்டியது தவறு என்று தெரிந்தால் பிரிக்க வழியே இருக்காது.

இணைப்பில் ‘ஒரே ஆள்’, ‘இருக்கலாம்’ என்பவற்றோடு ‘வேறு ஆள்’ என்பதையும் கட்டாயம் பதியுங்கள். இரண்டு ராஜேந்திரன்களும் வெவ்வேறு ஆட்கள் என்று ஒருவர் ஒரு பிற்பகல் முழுக்கச் செலவழித்துக் கண்டுபிடித்திருப்பார். அது எழுதப்படவில்லை என்றால் அடுத்து வருபவர் உற்சாகமாக ஒட்டிவிடுவார். பெயர் மட்டும் பொருந்தினால் ஒட்டவே கூடாது என்பது என் விதி. தந்தை பெயர், வயது, முகவரி, அடையாள எண் ஆகியவற்றில் ஏதாவது இன்னொன்றும் பொருந்த வேண்டும். வயதை நம்பும்போது கொஞ்சம் தாராளம் காட்டுங்கள். நம் வாக்குமூலங்களில் ‘சுமார் 45’ என்பது உண்மையிலேயே சுமார்தான்.

எல்லாப் பெயரையும் எல்லாப் பெயரோடும் ஒப்பிட முடியாது. இரண்டு லட்சம் குறிப்புகள் இருந்தால் ஜோடிகள் 2,000 கோடி. அதனால் முன்பு சொன்ன ஒலிச் சுருக்கத்தை வைத்துக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்குள் மட்டும் ஒப்பிட வேண்டும். இதற்குக் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. சின்னத் தொகுப்புக்கு ‘ஓபன்ரிஃபைன்’ போதும். பெரியதற்கு பிரிட்டன் நீதித்துறை அமைச்சகத்தின் ‘ஸ்ப்ளிங்க்’ இருக்கிறது. ஆவணங்களையே ஏற்றி, பெயர் பிரித்துத் தேட, பனாமா ஆவணங்களை ஒருங்கிணைத்த சர்வதேசப் புலனாய்வுச் செய்தியாளர் கூட்டமைப்பின் ‘டேட்டாஷேர்’. இவை எல்லாம் ஒட்டலாமா என்று பரிந்துரைக்கும் கருவிகள் மட்டுமே. கடைசிச் சொல் மனிதருடையதாக இருக்கட்டும்.

பெயர்களைத் தானாகப் பிரித்தெடுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றியும் கேட்பீர்கள். முதல் சுற்றுக்குப் பயன்படுத்துங்கள், தயங்க வேண்டாம். ஆனால் எவ்வளவு தவற விடுகிறது என்று அளக்காமல் நம்பாதீர்கள். குருட்டாம்போக்கில் இருநூறு பக்கங்களை எடுத்து, இருவர் தனித்தனியாகக் கையால் பெயர்களைக் குறித்து, கருவியின் விடையோடு ஒப்பிட்டால் நிலவரம் தெரிந்துவிடும். சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகளில் கூடுதலாக ஓர் ஆபத்து இருக்கிறது. மங்கலான பெயரைக் கண்டால் அவை அதை நல்ல பெயராக நிரப்பிவிடும். ஓ.சி.ஆர். ‘முரு#ன்’ என்று கொடுத்தால் அது பிழை என்று கண்ணுக்குத் தெரியும். மொழி மாதிரி ‘முருகன்’ என்றோ ‘முருகேசன்’ என்றோ கொடுத்தால் தெரியாது. பக்கத்துப் படத்தின் அந்தத் துண்டை வெட்டி, பெயருக்குப் பக்கத்திலேயே காட்டும்படி திரையை அமைத்தால் சரிபார்ப்பவருக்கு வேலை பாதியாகும்.

கடைசியாக, வெளியிடுவது. உள்ளே வேலை செய்யும் அடைவும் வெளியே காட்டும் அடைவும் ஒன்றாக இருக்கக் கூடாது. உள்ளே ‘இருக்கலாம்’ என்ற இணைப்பு மிகவும் பயனுள்ளது. கொலையாளியைத் தேடுபவருக்கு அந்த நான்கு அட்டைகளும் உடனே சேர்ந்து வர வேண்டும், பிறகு பிரித்துக்கொள்ளலாம். வெளியே அதே ‘இருக்கலாம்’ ஒருவரின் திருமணத்தையோ வேலையையோ கெடுத்துவிடும். பனாமா தரவுதளத்திலேயே, பெயர் இருப்பதால் குற்றம் செய்ததாகப் பொருளில்லை, ஒரே பெயரில் பலர் இருக்கலாம், முகவரி முதலியவற்றைக் கொண்டு உறுதிசெய்துகொள்ளுங்கள் என்று எச்சரிக்கை வைத்துத்தான் வெளியிட்டார்கள்.

இந்திய ஆவணங்கள் என்றால் சட்டமும் குறுக்கே நிற்கும். பாலியல் வன்கொடுமையில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவில் குற்றம். முன்பு இது இந்திய தண்டனைச் சட்டத்தின் 228-ஏ பிரிவாக இருந்தது. சிறார் மீதான பாலியல் குற்ற வழக்குகளுக்குப் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு தனியாக உண்டு. பெயரை மட்டும் மறைத்துவிட்டு, தந்தை பெயர், தெரு, பள்ளி எல்லாவற்றையும் தேடும்படி விட்டால் மறைத்ததில் அர்த்தமில்லை.

அப்புறம், பி.டி.எஃப்.-இல் கறுப்புப் பட்டை போட்டதும் வேலை முடிந்ததாக எண்ணாதீர்கள். பட்டை படத்தின் மேல்தான் இருக்கும், ஓ.சி.ஆர். எழுத்து அடியில் அப்படியே கிடக்கும். தேடல் பெட்டி அதை அழகாக எடுத்துக் காட்டிவிடும். வெளியிடுவதற்கு முந்தைய நாள், மறைக்க வேண்டிய பெயர்களின் பட்டியலை எல்லா எழுத்துக்கூட்டல்களோடும் எடுத்து, வெளியிடப் போகும் பிரதியிலேயே ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். விடை ஒன்று வந்தாலும் அந்தக் கோப்பைப் படமாக மட்டும் மாற்றி, புதிதாக ஓ.சி.ஆர். செய்து, மறுபடி தேடுங்கள்.